விருந்தாளி வராத வீடு

யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க், கீபோர்டு எல்லாம் ஆளுக்கொரு ஃபைல். முன்பெல்லாம் 'மேக்டெவ்' என்ற குட்டி ஸ்கிரிப்ட், சிஸ்டத்தை நிறுவும்போதே அந்தப் பெயர்களை எழுதிவைத்துவிட்டுப் போய்விடும். இல்லாத டிஸ்க்குக்கும் பெயர் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே!

2003-ல் லினக்ஸுக்கு 'யுடெவ்' வந்தது. பென் டிரைவைச் செருகினால் பெயர் எழுதும், பிடுங்கினால் அழிக்கும். எந்நேரமும் விழித்திருக்கும் வாட்ச்மேன். லேப்டாப்புக்கு நியாயம்தான். 2012-ல் அதை 'சிஸ்டம்டி' என்ற பெருங்குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள்.

சரி, மூலையில் எதுவுமே செருகாமல் வருஷக்கணக்காக ஓடும் சின்னப் பெட்டிக்கு எதற்கய்யா வாட்ச்மேன்? ஓப்பன்பிஎஸ்டி இன்றைக்கும் மேக்டெவ்வோடுதான் குடித்தனம் நடத்துகிறது. பழைய பஞ்சாங்கம் என்று சிரிக்காதீர்கள். ஓடாத புரோகிராம் பழுதாவதில்லை. அதைக் கட்டி மேய்க்கவும் வேண்டாம்.