பித்தளையும் பளபளப்பும்

கார்த்திகைக்கு நாலு நாள் இருக்கும்போதே வீட்டிலுள்ள விளக்குகளையெல்லாம் முற்றத்தில் இறக்கி வைத்து, புளியும் சாம்பலும் செங்கற்பொடியுமாகத் தேய்ப்பது நம் பெண்மக்களின் பாடு. ஆண்பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது கூட இல்லை. பித்தளை துலக்குவது புருஷ லட்சணத்துக்கு ஒவ்வாத காரியம் என்பது அவர்கள் கொள்கை. அப்படிப்பட்டவர்களுக்கு ஓர் ஆச்சரியமான சமாசாரம் சொல்லுகிறோம். அமெரிக்க தேசத்தில் ஏராளமான ஆண்பிள்ளைகள், பெரிய உத்தியோகஸ்தர்கள் உள்பட, ஓய்வு நாட்களில் கொட்டகையில் உட்கார்ந்து மிகுந்த சிரத்தையுடன் பித்தளை துலக்குகிறார்கள். எந்தப் பாலிஷ் உசிதம் என்று மணிக்கணக்கில் தர்க்கமும் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் துலக்குவது குத்துவிளக்கையல்ல. சுட்டுத் தீர்ந்த துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் கூட்டை.

தோட்டா என்றால் குண்டு மாத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. நுனியில் குண்டு, அதன் பின்னால் வெடிமருந்து, அடியில், தட்டினால் பொறி கக்கும் சிறு மூடி, இம்மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு. சுட்டவுடன் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பொறிமூடியும் அத்துடன் தீர்ந்தது. கூடு மட்டும் மிஞ்சும். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த நல்ல பித்தளை அது. நான்கிலும் விலை கூடியதும் அதுவே. ஆகவே சிக்கனம் தெரிந்தவர்கள் அதைப் பொறுக்கி வந்து, புதிய மூடியும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடியும் உபயோகிக்கிறார்கள். நம் நாட்டில் தோட்டாவை வைத்திருப்பதற்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். ஆதலால் இந்தக் குடிசைத் தொழிலில் இறங்கும்படி நேயர்களுக்கு நாம் யோசனை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர்கள் பித்தளையைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்கும் விஷயங்களில் சில, விளக்கும் குடமும் வைத்திருக்கும் நமக்கும் உபயோகமானவை.

கூட்டைத் துலக்குவது அழகுக்காக மட்டும் அல்ல. சுட்ட கூட்டில் புகைக் கரியும் மண்ணும் ஒட்டியிருக்கும். அதைப் பழைய அளவுக்கு அழுத்திக் கொண்டுவரும் அச்சில் அப்படியே செலுத்தினால் அச்சில் கீறல் விழும். அன்றியும், அழுக்கின் அடியில் வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெடிப்புள்ள கூட்டில் மருந்தை நிரப்பிச் சுட்டால், கொதிக்கும் வாயு முன்னால் போவதற்குப் பதிலாகச் சுடுகிறவரின் முகத்தை நோக்கியே திரும்பக் கூடும்.

துலக்குவதற்கு ஒரு யந்திரம் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டம்ளர்’. நம் காப்பி டம்ளருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மின்சாரத்தால் மெதுவாக உருளும் ஒரு பீப்பாய், அல்லது ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். அதில் வாதுமைக் கொட்டை ஓட்டை நொறுக்கியோ, மக்காச்சோளச் சக்கையை இடித்தோ போட்டு, ஒரு கரண்டி பாலிஷ் விட்டு, கூடுகளையும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால், தங்கக் காசு போல் மின்னிக்கொண்டு வெளியே வரும். வேறு சிலர் நீரில் துலக்குவார்கள். அந்த முறையில் நொறுக்கிய ஓட்டுக்குப் பதிலாக மெல்லிய எஃகு ஊசித் துண்டுகள். பாலிஷுக்குப் பதிலாகச் சில துளி சவுக்காரமும், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பும். புளியில் இருக்கும் அமிலம் வேறு, எலுமிச்சையில் இருக்கும் அமிலம் வேறு என்றாலும், செய்யும் வேலை ஒன்றே. நம் பாட்டிமார்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த வித்தைக்கு அங்கே மோட்டார் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்வது ஒன்றுண்டு. மண்ணெண்ணெய், டர்ப்பன்டைன் போன்ற கரைப்பான்கள் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். ஆனால் பித்தளையின் மேல் படிந்த களிம்பை அவை தொடுவதே இல்லை. களிம்பைக் கரைப்பது அமிலம். அமிலத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. புளியில் ஊறப் போட்ட சொம்பை இரவு முழுவதும் மறந்துவிட்டால் காலையில் அது செம்பைப் போலச் சிவந்து தெரியும். துத்தநாகம் முதலில் கரைந்துபோய்ச் செம்பு மேலே நிற்பதன் அடையாளம் அது. சாம்பலும் செங்கற்பொடியும் செய்வது கரைப்பதல்ல, தேய்ப்பது. ஒவ்வொரு தேய்ப்பிலும் பித்தளையில் அணுவளவு போகும். கடைகளில் டப்பாவிலும் புட்டியிலும் வரும் பாலிஷ்களில் தேய்க்கும் பொடியும் கரைப்பானும் சேர்ந்தே இருக்கும். அவற்றில் பலவற்றில் அம்மோனியாவும் இருக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடி அதுவே. செம்புக் களிம்பை இவ்வளவு சீக்கிரத்தில் கரைக்கும் சரக்குகள் சிலவே. ஆகையால்தான் அதைச் சேர்க்கிறார்கள். தோட்டாக் கூட்டுக்கு அதுவே சத்துரு.

இதைக் கண்டுபிடித்த கதை நம் தேசத்தில் நடந்தது. தோட்டாவுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு பழையது. 1857இல் சிப்பாய்களுக்குக் கொடுத்த என்ஃபீல்டு தோட்டாவின் உறை வெறும் காகிதம்; அதைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். மேலே தடவியிருந்தது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்று செய்தி பரவ, அதனால் மூண்ட நெருப்பு எத்தகையது என்பதை யாவரும் அறிவர். பிற்காலத்தில் காகிதம் போய்ப் பித்தளை வந்தது. பசுவும் பன்றியும் விட்டதும் குதிரை பிடித்துக்கொண்டது!

மழைக்காலத்தில் பட்டாளத்தின் நடமாட்டம் குறைந்துவிடும். அந்த மாதங்களில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது ஆங்கிலேயப் பட்டாளத்தின் வழக்கமாயிருந்தது. மழை விட்டபின் திறந்து பார்த்தால், ஒருவரும் சுடாத, ஒருவரும் தொடாத தோட்டாக்கள் வெடித்திருந்தன. முக்கியமாக, குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் கழுத்தில் நீள நீளமாகக் கீறல்கள். இதற்குக் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1921ஆம் ஆண்டில்தான் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர் மர்மத்தை விடுவித்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஆவியே குற்றவாளி.

அம்மோனியா தனியாக இந்த வேலையைச் செய்துவிடாது. ஈரமும் வேண்டும், உலோகத்தினுள்ளே ஓர் இறுக்கமும் வேண்டும். தோட்டாக் கூட்டைச் சூடேற்றாமலே இழுத்து இழுத்து உருவாக்குகிறார்கள். இழுத்துக் கட்டிய வீணைத் தந்தியில் இருப்பது போன்ற விசை ஒன்று அதனுள் அடங்கிக் கிடக்கிறது. பித்தளை, நுண்ணிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஆனது. அம்மோனியா அந்த மணிகளின் இடுக்கு வழியே நுழைந்து பிடியைத் தளர்த்துகிறது. உள்ளே இருக்கும் விசை இடுக்கை அகலப் பிளந்துவிடுகிறது. கூட்டை அளவான சூட்டில் வாட்டி உள் இறுக்கத்தைப் போக்கிவிட்டால் இந்த நோய் வராது என்று கண்டுகொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறை சுட்டு, ஒவ்வொரு முறை அச்சில் அழுத்தும்போதும் அந்த இறுக்கம் புதிதாகச் சேருகிறது. ஆகையினாலேயே, விஷயம் தெரிந்தவர்கள் தங்கள் டம்ளரில் அம்மோனியா கலந்த பாலிஷை விடுவதில்லை. ஒரு தரம் பட்டவுடன் கூடு பிளந்துவிடும் என்பதல்ல. ஆனால் வேறு பாலிஷ் கிடைக்கும்போது, முகத்துக்கு நேரே வெடிக்கப் போகிற பொருளில் அந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

நம் வீட்டுப் பண்டங்களுக்கு வருவோம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வார்ப்பு வேலை. உருக்கி ஊற்றி ஆற வைத்ததாகையால் அதனுள் இறுக்கம் அதிகமில்லை. இந்த அபாயமும் அற்பம். தகட்டைத் தட்டியும் வளைத்தும் செய்த குடமும் தவலையும் அப்படியல்ல. அவற்றை மாட்டுத் தொழுவத்து மூலையில் போட்டு வைப்பதும், அம்மோனியா பாலிஷ் பூசிச் சரியாகக் கழுவாமல் பரணில் ஏற்றுவதும் விரும்பத்தக்கதல்ல. புளியானாலும் பாலிஷானாலும் கழுவ வேண்டியதைக் கழுவித் துடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. உண்ணும் பாத்திரத்துக்குக் கடைப் பாலிஷே வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

இனி, பளபளப்பைக் காட்டிலும் முக்கியமான ஒரு விஷயம். தோட்டாவின் பொறிமூடியில் பெரும்பாலும் காரீயம் கலந்த சரக்கு இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது சாது. காரீயமோ விஷம். சுட்ட கூட்டில் அந்தக் காரீயம் பொடியாகப் படிந்திருக்கும். டம்ளர் ஓடும்போது அது நொறுக்கிய ஓட்டுடன் கலந்து, மூடியைத் திறந்ததும் புழுதியாக எழும்பும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இவ்வளவு போனால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது. புழுதி அடங்குவதற்காகச் சிலர் ஒரு மூடி கரைப்பானைத் தெளிப்பார்கள். நீரில் துலக்கினால் புழுதி எழாது. ஆனால் காரீயம் கழுவுநீரில் இறங்கியிருக்கும். அந்த யந்திரத்தைச் சமையலறையிலும் குழந்தைகள் தவழும் கூடத்திலும் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்! வேடிக்கை பார்க்க வரும் பிள்ளையிடம், சக்கையையும் கூட்டையும் பிரிக்கும் சல்லடையைக் கொடுத்துச் சலிக்கச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. வேலை முடிந்ததும் கையை முழங்கை வரை கழுவி, உடுப்பையும் மாற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்குவது நலம்.

நீரில் துலக்கிய கூட்டின் உள்ளே தண்ணீர் ஒளிந்துகொண்டிருக்கும். அதை அடுப்பனலில் வைத்து அவசரமாக உலர்த்தினால், சூடு மிஞ்சும்போது பித்தளை இளகிப் பலம் குன்றிவிடும். வடாம் உலர்த்துவது போல் துணியின் மேல் பரப்பி வெயிலில் விடுவதே போதும். உலர்ந்தபின் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கழுத்தில் மயிரிழை போல் கீறல் தெரிந்தாலும், அடிப்பாகத்தை ஒட்டி வெளுத்த வளையம் தெரிந்தாலும், அந்தக் கூட்டைக் குறட்டால் நசுக்கி, நல்ல கூடுகளுடன் மறுபடியும் கலந்துவிடாதபடி பழைய பித்தளைக்காரன் கூடையில் போட்டுவிடுகிறார்கள்.