ஆற்றில் பிடித்த ஜிலேபியை உயிரோடு பண்ணைக்குட்டைக்குக் கொண்டுவராதீர்கள்

மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு விடும் தண்ணீரை ஜனவரி 28-ல் நிறுத்துவது வழக்கம். அறுப்பு முடிந்து கையும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் காலம் அது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு டப்பா மண்புழுவோடு ஆற்றுக்குத் தூண்டில் போடப் போகிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை கதவணைகளுக்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீரில் காலை பத்து மணிக்கு மேல் போட்டுப் பாருங்கள். பத்து முறை தக்கை அமுங்கினால் பெரும்பாலும் ஜிலேபிதான் ஏறும்.

வெயில் ஏறும்வரை காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மீன் சூடான நாட்டிலிருந்து வந்தது, குளிர்ந்த தண்ணீரில் மந்தமாகிவிடும். வாயும் சின்னது. பெரிய முள்ளைப் போட்டால் இரையைக் கொறித்துவிட்டுப் போய்விடும். சின்ன முள், மெல்லிய நரம்பு, மிளகு அளவு ஈயம், நெட்டித் தக்கை போதும். மண்புழுவை முழுசாகக் கோக்காமல் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கிள்ளிக் கோத்துக்கொள்ளுங்கள். புழு கிடைக்காவிட்டால் கோதுமை மாவோடு கடலைப் பிண்ணாக்குத் தூள் சேர்த்து, சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டிப் போடலாம். கல்லில் படர்ந்த பச்சைப் பாசியை முள்ளில் சுற்றிப் போட்டாலும் எடுக்கும், அதன் அன்றாடத் தீனியே அதுதானே! தக்கை முதலில் இரண்டு மூன்று முறை துடிக்கும். அப்போது இழுக்காதீர்கள். பக்கவாட்டில் நகரத் தொடங்கியதும் சுண்டுங்கள். முதுகு முள் கையில் ஏறினால் இரண்டு நாள் வலிக்கும் என்பதால், தலைப்பக்கமிருந்து முள்ளை மடக்கிப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கதவணைக்குக் கீழ்ப்பக்கம் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட வேண்டாம். மின் உற்பத்திக்காக எந்த நேரமும் தண்ணீர் திறப்பார்கள்.

சரி, ஜிலேபியாகவே ஏன் ஏறுகிறது? சேல்கெண்டை, வெண்கெண்டை போன்ற ஆற்று மீன்களுக்குப் புதுவெள்ளம் வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் பெருகி ஓடும்போது எதிர்த்து ஏறிப்போய் முட்டையிடும் மீன்கள் அவை. அணையும் கதவணையும் வழியை மறித்து, வெள்ளம் வரும் காலமும் மாறிவிட்ட பிறகு அவற்றுக்குக் குஞ்சு பொரிக்க இடமில்லை. ஜிலேபிக்கு இது எதுவும் தேவையில்லை. இடுப்பளவு தேங்கிய தண்ணீரும் கொஞ்சம் மணலும் இருந்தால் ஆண் மீன் தட்டு மாதிரி குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தத் தெரியும்வரை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் முட்டைக்குச் சேதமில்லை. மாதம் ஒன்று, ஒன்றரை கழிந்தால் அடுத்த ஈடு. ஓடிய ஆற்றை நாம் வரிசையாகக் குளங்களாக்கினோம், குளத்து மீன் அதில் குடியேறிவிட்டது. ஆகவே ஜிலேபியை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இது நம் மீனும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஜாம்பேசி ஆற்றின் கீழ்ப்பகுதியும் அதற்குத் தெற்கே உள்ள ஆறுகளும்தான் இதன் ஊர். அங்கே இதையும் இதன் உறவுக்கார மீன்களையும் 'பிரீம்' என்று சொல்லி, நம்மைப் போலவே புழுவும் மாவும் போட்டுப் பிடிக்கிறார்கள். ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். குளம் குளமாக விட்டார்கள். மற்ற மீன்களைப் பாதிக்கிறது என்று தெரிந்து 1959-ல் இனி பரப்பக் கூடாது என்று முடிவெடுத்தபோது காரியம் கைமீறிவிட்டது. பிறகு அமராவதி அணையில் பிடிபடும் மீனில் இதுவே முதலிடம் பிடித்தது.

வேடிக்கை என்னவென்றால், இதே மீன் பிறந்த ஊரில் ஆபத்தில் இருக்கிறது. அங்கே பண்ணைகளிலிருந்து தப்பிய நைல் ஜிலேபி இதோடு கலந்து இனத்தையே கலப்பாக்கிவிட்டது. அழியும் வாய்ப்புள்ள இனங்களில் ஒன்றாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைச் சேர்த்திருக்கிறது. அங்கேயும் இங்கேயும் தொடக்கம் ஒன்றுதான்: மீனை ஒரு தண்ணீரிலிருந்து எடுத்து இன்னொரு தண்ணீரில் விட்டார்கள்.

அந்தத் தப்பை இன்றைக்குச் சின்ன அளவில் நாம் செய்துகொண்டிருக்கிறோம். வேளாண் பொறியியல் துறை மூலமும் நூறு நாள் வேலையிலும் ஊருக்கு ஊர் பண்ணைக்குட்டைகள் வந்துவிட்டன. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன் வளர்ப்புக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. முன்பு தண்ணீர் தேக்க மட்டும் வெட்டிய குட்டையில் இப்போது கட்லா, ரோகு, மிர்கால் விடுகிறோம். ஆற்றுக்குப் போய் வருகிறவர் வாளியில் பத்து ஜிலேபி இன்னும் துள்ளுகிறது. பையன் கேட்கிறான், "அப்பா, இதை நம்ம குட்டையில விடலாமா?" விட்டுவிடுகிறோம். என் சொந்தக்காரர் ஒருவர் அப்படித்தான் விட்டார். பத்தாவது மாதம் வலை போட்டபோது உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி கூடை கூடையாக வந்தது. ரோகு அரைக் கிலோவைத் தாண்டவில்லை. தீவனத்துக்குச் செலவழித்த பணம்கூடத் திரும்பவில்லை.

எங்கே தப்பு நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் குட்டையில் இனம் பெருகாது. சென்டுக்கு 20 முதல் 40 குஞ்சு விட்டால், கடைசிவரை அந்த எண்ணிக்கைக்குள்தான் இருக்கும். தீவனக் கணக்கும் அதற்குத்தான். ஜிலேபியோ இரண்டு மூன்று மாதத்தில், விரல் நீளம் இருக்கும்போதே பருவத்துக்கு வந்துவிடும். நெருக்கடி கூடக் கூட இன்னும் சின்ன வயதிலேயே முட்டையிடும். நீங்கள் போடும் தவிடும் பிண்ணாக்கும் யார் வாய்க்குப் போகிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

தெரிந்துகொள்ளத் தூண்டிலே போதும். மாதம் ஒருமுறை குட்டை ஓரத்தில் மண்புழுவைக் கோத்து அரை மணி நேரம் போடுங்கள். மாவு போட்டால் ரோகுவும் எடுக்கும், அதனால் புழுவே நல்லது. ஒரு ஜிலேபி ஏறினாலும் உள்ளே கூட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியே எல்லாவற்றையும் தூண்டிலிலேயே பிடித்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். முடியாது. வாயில் முட்டையோ குஞ்சோ வைத்திருக்கும் பெண் மீன் அந்த நாட்களில் சரியாக இரை எடுக்காது. உங்கள் முள்ளில் ஏறுவது பெரும்பாலும் ஆண் மீனும், வாய் காலியாக இருக்கும் பெண் மீனும்தான். கூட்டத்தைப் பெருக்குகிற தாய் மீன் உள்ளேயே இருக்கும். தூண்டிலால் எண்ணிக்கை குறையும், குழம்புக்கும் ஆகும், ஆனால் ஒழியாது.

ஒழிக்க வேண்டுமென்றால் அறுவடைக்குப் பிறகு குட்டையை முழுக்க வற்றவைத்து, அடிமண் வெடிக்கும்வரை காயவிட வேண்டும். மூலையில் முழங்கால் அளவு சேறும் தண்ணீரும் விட்டுவைத்தால் பயனில்லை. வற்றவைக்க வழியில்லாத இடத்தில் இலுப்பைப் பிண்ணாக்கு போடலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏக்கருக்கு சுமார் 1,000 கிலோ, அதாவது சென்டுக்குப் பத்து கிலோ. உள்ளே இருக்கும் மீன் எல்லாம் செத்துவிடும். நச்சு மாற இரண்டு மூன்று வாரம் ஆகும், பிறகு அதுவே உரமாகிவிடும். அதன்பிறகுதான் புதுக் குஞ்சு விட வேண்டும். சொந்தக் குட்டைக்கு மட்டும்தான் இந்த வேலை, அதுவும் தண்ணீர் வெளியே ஓடாத நிலையில். ஆற்றிலும் பொது ஏரியிலும் நஞ்சு கலந்தோ வெடி போட்டோ மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம்.

வாய்க்காலிலிருந்தோ ஆற்றிலிருந்தோ மோட்டார் போட்டுக் குட்டையை நிரப்புகிறவர்கள் குழாய் வாயில் கொசுவலை மாதிரி நெருக்கமான நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். வாளியில் வராத ஜிலேபி இந்த வழியாகத்தான் வருகிறது. குட்டை மீன் கால் கிலோவுக்கு மேல் வளர்ந்த பிறகு சில விரால் குஞ்சுகளை விட்டால் ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். முன்கூட்டியே விட்டால் உங்கள் ரோகுக் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும்.

"ஜிலேபி இவ்வளவு கெடுதல் என்றால் அரசாங்கமே கிஃப்ட் திலேப்பியா வளர்க்கச் சொல்கிறதே?" என்ற கேள்வி நியாயமானது. அது நைல் ஜிலேபியிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கிய வேகமாக வளரும் ரகம். நல்ல தீவனம் கொடுத்தால் ஆறு மாதத்தில் அரைக் கிலோ வரும். இனம் பெருகிவிடாமல் இருக்க ஆண் குஞ்சுகளாக மட்டும் வாங்கி விட வேண்டும். மீன்வளத் துறையின் அனுமதியும் வேண்டும், மீன் வெளியே தப்பாமல் வலைத் தடுப்பும் வேண்டும். கேட்டுப் பெற்று முறையாக வளர்த்தால் லாபமான தொழில்தான். ஆற்றில் பிடித்த நாட்டு ஜிலேபி அதற்கு மாற்று ஆகாது, இரண்டையும் ஒரே குட்டையில் கலக்கவும் கூடாது. யாராவது கிஃப்ட் குஞ்சு என்று சொல்லி அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டியில் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள். கிஃப்ட் மீன் தப்பி ஆற்றுக்குப் போனாலும் ஜாம்பேசியில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

ஆற்றுக்குத் தூண்டில் போடப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், நிறையப் பிடியுங்கள். ஜிலேபி எவ்வளவு குறைந்தாலும் ஆற்றுக்கு நஷ்டமில்லை. குத்தகை விட்ட ஏரியாக இருந்தால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். விரல் அளவுக் கெண்டைக் குஞ்சு ஏறினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஜிலேபியை மட்டும் கரையிலேயே செதில் உரசி, குடல் எடுத்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலையும் உரித்துவிட்டுப் பையில் போடுங்கள். சேற்று வாடையில் பாதி அந்தத் தோலோடு போய்விடும். மீதிக்குக் கல் உப்பும் புளித்தண்ணீரும் போட்டு அலசினால் சரியாகிவிடும்.