வீட்டு முட்டைக்கு ஏற்ற கோழியினம்

முட்டைத் தட்டுப்பாட்டினால் 2023ஆம் ஆண்டில் இலங்கை, இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்தது. வீட்டில் நான்கு பேடுகளை வளர்ப்பதன் பெறுமதியை அது உணர்த்திற்று. ஆயின், எவ்வினத்தைத் தெரிவு செய்வது?

ஊர்க்கோழி சில முட்டைகளை இட்டதும் அடைக்குக் கிடக்கும்; அக்காலத்தில் முட்டை கிடையாது. வெள்ளை லெக்கோன் அடைக்குக் கிடப்பது அரிது. நன்கு பராமரித்தால் ஆண்டுக்கு 250 முட்டைகள்வரை இடும். எனினும், எளிதில் மிரண்டு வேலி தாண்டிப் பறக்கும்.

ஆகவே, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான இடங்களின் சிறு வளவுகளுக்கு, அமைதியான றோட் ஐலண்ட் றெட் இனமே ஏற்றது. முட்டை சற்றுக் குறையினும், பின்னர் இறைச்சிக்கும் உதவும். சேவலின்றியே பேடு முட்டையிடுமாதலால், கூவி அயலாரின் உறக்கங் கெடுக்கும் சேவல் வேண்டுவதில்லை.

எவ்வினமாயினும், தீனும் நீரும் குறைந்தால் முட்டையும் குறையும்.