நிலம் யாருக்கு? கிழங்கு தோண்டுகிறவளைக் கேளுங்கள்!

உக்ரைன் கிராமத்தில் செப்டம்பர் என்றால் உருளைக்கிழங்கு தோண்டும் மாதம். நகரத்துக்குப் பிழைக்கப் போன மகனும் மருமகளும் சனி, ஞாயிறில் வந்து இறங்குகிறார்கள். பக்கத்து வீட்டுக் குதிரை ஏரில் பூட்டப்படுகிறது. ஏர் கிழித்துக்கொண்டு போகிறது. பின்னால் குனிந்த முதுகுகள், வாளிகள், சாக்குகள். பெரிய கிழங்கு வீட்டு நிலவறைக்கு, நடுத்தரம் அடுத்த ஆண்டு விதைக்கு, பொடி பன்றிக்கு. கோடை முழுவதும் இலையைத் தின்ன வந்த கொலராடோ வண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்ட கிழவிதான் இந்தப் பாகப் பிரிவினைக்கும் அதிகாரி!

கிழங்கு முடிந்தால் பீட்ரூட், பூசணி, சோளக்கதிர். பிறகு முட்டைக்கோசைச் சீவி, உப்பிட்டு, பீப்பாயில் அடைக்க வேண்டும். பசு வைத்திருக்கும் வீடுகள் முறை போட்டுக்கொண்டு ஊர் மந்தையை மேய்க்கின்றன. இன்று உன் முறை, நாளை என் முறை. பனி கொட்டும் மாதங்களை அந்தக் குடும்பம் தாண்டுவது இந்த நிலவறையை நம்பித்தான்.

வேலிக்கு அப்பால் பாருங்கள். அங்கேயும் அறுவடைதான். கண்ணுக்கெட்டிய தூரம் தலை கவிழ்ந்து கறுத்து நிற்கும் சூரியகாந்தி. ராட்சத அறுவடை இயந்திரங்கள். லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சரக்கு எண்ணெய் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போகிறது. நம் வீட்டுச் சட்டியில் காயும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி 2022க்கு முன்பு அங்கிருந்துதான் வந்தது. அந்த வயல் கிழவியின் பெயரில் இருக்கலாம். விளைச்சல் அவளுடையதல்ல.

இந்த இரண்டு அறுவடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சந்தைப் பிரசங்கிகள் என்ன சொல்கிறார்கள்? வேலிக்கு அப்பால் இருப்பது முன்னேற்றமாம். வேலிக்கு இப்பால் இருப்பது பழைய காலத்து மிச்சமாம். கிழவி செத்தால் அதுவும் சாகுமாம்!

நாம் கேட்கிறோம்: உக்ரைன் மக்கள் எதைத் தின்று உயிர் வாழ்கிறார்கள்? போருக்கு முந்திய ஆண்டுகளின் அரசாங்கக் கணக்கே சொல்கிறது: நாட்டின் உருளைக்கிழங்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வீட்டுத் தோட்டங்களில் விளைந்தது. காய்கறியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். பாலிலும் பாதிக்கு மேல். கம்பெனி வயலில் விளைவது கோதுமை, மக்காச்சோளம், சூரியகாந்தி, சோயா: கப்பலுக்கான பயிர். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை எல்லை தாண்டிப் பாய்ந்தது. துறைமுகங்கள் அடைபட்டன. தானியம் கிடங்குகளில் தேங்கியது. அந்த வசந்தத்தில் அரசாங்கம் யாரிடம் போய் நின்றது? "வீட்டுத் தோட்டத்தில் காய்கறி போடுங்கள்" என்று மக்களிடம்தான்! ஆபத்து வந்தால் கிழவியின் மண்வெட்டி தேச ரட்சகன். சட்டம் போடும்போது மட்டும் அது பிற்போக்கு!

கிழவியின் நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உலகத்தின் மிகச் சிறந்த கரிசல் மண்களில் ஒன்று அது. அதனால்தானோ என்னவோ, அதன்மேல் கை வைக்காத ஆட்சி இல்லை. 1861இல் ஜார் பண்ணையடிமை முறையை ஒழித்தான். ஆனால் உழவன் தன் நிலத்துக்கே மீட்புப் பணம் கட்டி வந்தான். 1907இல்தான் அது ரத்தாயிற்று. 1917இன் நில ஆணை அவன் கையில் நிலத்தைத் தந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்கூடக் கழியவில்லை, கூட்டுப்பண்ணை என்ற பெயரில் அது திரும்பிப் போயிற்று.

1932-33ஐப் பற்றி நம்மைப் போன்றவர்கள் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. இனி மூடி வைப்பதில் பயனும் இல்லை, நியாயமும் இல்லை. கொள்முதல் என்று களத்தில் இருந்த தானியம் வாரிக்கொண்டு போகப்பட்டது. 1932 ஆகஸ்டு 7ஆம் தேதிச் சட்டம், கூட்டுப்பண்ணைச் சொத்தைத் தொட்டால் மரண தண்டனை அல்லது பத்தாண்டுச் சிறை என்றது. அறுத்த வயலில் கதிர் பொறுக்கியவர்களும் அதில் சிக்கினார்கள். உலகத்துக்குச் சோறு போடக்கூடிய மண்ணில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பட்டினியால் மாண்டார்கள். அந்த நாளிலும் தானிய ஏற்றுமதி முழுவதுமாக நிற்கவில்லை. எஞ்சியவர்களுக்கு உள்நாட்டு அடையாளச் சீட்டுக்கூடக் கிடையாது. கூட்டுப்பண்ணை விவசாயிக்கு அது 1974இல்தான் அனுமதிக்கப்பட்டது. உழைப்பவன் பெயரால் நடந்த ஆட்சியில் உழைப்பவன் ஊரைவிட்டு நகர முடியவில்லை! வண்ணப் படங்களில் சிரித்த டிராக்டர் ஓட்டியைப் பார்த்து மகிழ்ந்த நாம், அவனுக்குச் சோறு போட்ட வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கவே இல்லை. பெரிது எல்லாம் முன்னேற்றம் என்று நம்பிய குற்றம் சந்தைப் பிரசங்கிகளுடையது மட்டுமல்ல.

1990களில் கூட்டுப்பண்ணைகள் கலைந்தன. ஏறத்தாழ எழுபது லட்சம் பேருக்குத் தலைக்குச் சராசரி நான்கு ஹெக்டேர், நம் கணக்கில் பத்து ஏக்கர், பங்காகக் கிடைத்தது. டிராக்டர் இல்லை, கடன் இல்லை, விதை வாங்கப் பணம் இல்லை. கையில் காகிதம் மட்டும்! வேறு வழியின்றிக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை பல ஊர்களில் சில மூட்டை தானியம், கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய் என்று வந்து சேர்ந்தது. இப்படிச் சேர்ந்த நிலத்தில் பிரம்மாண்டக் கம்பெனிகள் எழுந்தன. அவற்றில் ஒன்றான கெர்னல் 2021இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஹெக்டேரில் பயிரிட்டது. அதன் தாய்க் கம்பெனி பதிவானதோ லக்சம்பர்க்கில்!

விற்பனைக்கு மட்டும் 2001 முதல் தடை இருந்தது. 2020 மார்ச் 31 அன்று, கொரோனா ஊரடங்கின் நடுவே, தெருவில் இறங்கி எதிர்க்க மக்களுக்கு வழியில்லாத நேரத்தில், அந்தத் தடையை நீக்கும் சட்டம் நிறைவேறியது. சர்வதேச நிதி நிறுவனத்தின் கடன் நிபந்தனை அது. 2021 ஜூலை 1 முதல் தனிநபருக்கு 100 ஹெக்டேர்வரை. 2024 தொடக்கத்திலிருந்து கம்பெனி உட்பட ஒருவருக்குப் பத்தாயிரம் ஹெக்டேர்வரை. சுமார் 25,000 ஏக்கர்!

"சொந்த நிலத்தை விற்கக் கிழவிக்கு உரிமை வேண்டாமா? ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2018இல் அந்தத் தடை தவறு என்று சொன்னதே?" என்கிறார்கள். சொன்னது உண்மை. மருந்துக்குப் பணமில்லாத கிழவி விற்க விரும்புவதும் உண்மை. அவளைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது. ஆனால் யாரிடம் விற்பாள்? சட்டம் வாங்கும் முன்னுரிமையைக் குத்தகைதாரருக்குத் தருகிறது. நம் ஊரில் குத்தகைதாரர் என்றால் கோவணம் கட்டிய ஏழை. அங்கே நிலச் சொந்தக்காரி கைம்பெண். குத்தகைதாரரோ பெரும்பாலும் கம்பெனி! வார்த்தை ஒன்று, வர்க்கம் தலைகீழ். உழவனைக் காக்கப் பிறந்த ஏற்பாடு, உழாதவன் கைக்கு நிலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதற்கு நடுவேதான் போர். கார்கிவ், மிக்கோலாயிவ், கெர்சோன் வயல்களில் ரஷ்யக் கண்ணிவெடிகள். உழப்போன டிராக்டர் ஓட்டிகள் வெடித்துச் செத்தார்கள். 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்து தெற்கின் பாசனக் கால்வாய்கள் வறண்டன. இந்த மண்ணுக்காக ரத்தம் சிந்துகிறவர்கள் யார்? அந்த நிலவறைகளில் வளர்ந்த கிராமத்துப் பிள்ளைகள்தானே! அவர்கள் திரும்பி வரும்போது ஊரைச் சுற்றி ஒரே ஒரு சொந்தக்காரர்தான் இருக்க வேண்டுமா?

கேட்பது பெரிதல்ல. உச்சவரம்பைப் பத்தாயிரத்திலிருந்து கீழே இறக்கு. பால், காய்கறி சேகரிக்கும் கூட்டுறவுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடு. கண்ணிவெடி அகற்றும்போது சிறு விவசாயியின் வயலைக் கடைசியில் தள்ளாதே. நிலம் விலைக்கு வந்தால் முதல் உரிமை அந்தக் கிராமத்தில் குடியிருந்து உழுகிறவருக்கு, அடுத்தது அந்த ஊர்க் கூட்டுறவுக்கு. அதற்குப் பிறகு கம்பெனி வந்து வரிசையில் நிற்கட்டும்.