மூன்றில் ஒரு பங்கு: கீதா முகர்ஜி கேட்டது என்ன?

1996 செப்டம்பர் 12ந் தேதி டில்லி பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. லோக் சபையிலும் மாநிலச் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு ஸ்தானத்தைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்ப்புக் கிளம்பியது. மசோதாவை இரு சபைகளின் கூட்டுக் கமிட்டிக்கு அனுப்பினார்கள்.

கமிட்டி என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? பஞ்சப்படி கேட்டால் கமிட்டி, கூலி உயர்வு கேட்டால் கமிட்டி. போட்ட கமிட்டி கூடுவதற்குள் கேட்டவனுக்கு வயதாகிவிடும். ஆனால் இந்தக் கமிட்டி அப்படி நடக்கவில்லை. 31 மெம்பர்கள் கொண்ட அதற்குத் தலைவராக வந்தவர் தோழர் கீதா முகர்ஜி. டிசம்பர் 9ந் தேதியே அறிக்கை தயார். மூன்று மாதம்கூட ஆகவில்லை!

யார் இந்த அம்மையார்? 1924ல் வங்காளத்தில் பிறந்தவர். மாணவர் இயக்கத்தின் வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தவர். 1967லிருந்து வங்கச் சட்டசபையில் இருந்தார். 1980லிருந்து மேதினிப்பூர் ஜில்லாவின் பன்ஸ்குரா தொகுதி அவரை லோக் சபைக்கு அனுப்பியது. ஒரு தடவை அல்ல, தொடர்ந்து ஏழு தடவை. 2000 மார்ச்சில் காலமாகும்வரை அவர் அந்தத் தொகுதியின் மெம்பர். அது பொதுத் தொகுதி. அவர் ஜெயித்த ஏழு தடவையும் ஒதுக்கீடு எதுவும் கிடையாது. தமக்காக ஒதுக்கீடு கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. "திறமையிருந்தால் ஜெயித்து வரட்டுமே, ஒதுக்கீடு எதற்கு?" என்று கேட்ட கனவான்களுக்கு எதிரே, அப்படி ஜெயித்து வந்தவரே நின்று ஒதுக்கீடு கேட்டார். இது நம் மனதில் பதிய வேண்டிய விஷயம்.

அவர் தலைமையிலான கமிட்டி மசோதாவை மேலும் விரித்தது. லோக் சபைக்கு மட்டும் போதாது, ராஜ்ய சபையிலும் மேல்சபைகளிலும் இடம் வேண்டும் என்றது. மூன்று ஸ்தானத்துக்கும் குறைவாக உள்ள சிறு மாநிலங்களின் பெண்களையும் விட்டுவிடக் கூடாது என்றது. முதலில் 15 வருஷத்துக்குச் செய்வோம், பிறகு நிலைமையைப் பார்ப்போம் என்றது. ஒதுக்கிய தொகுதிகள் தேர்தலுக்குத் தேர்தல் சுற்றில் மாறிவரும் என்பது மசோதாவிலேயே இருந்தது. புதிய ஜனத்தொகைக் கணக்கு வேண்டும், தொகுதிகளை மறுபடி வெட்டி ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அதில் கிடையாது.

பிற்பட்ட வகுப்புப் பெண்களுக்கு என்ன என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். நாமே கேட்கக்கூடிய கேள்வி. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொகுதிகளில் மூன்றில் ஒன்று அந்த மக்களின் பெண்களுக்கு என்று மசோதாவிலேயே எழுதியிருந்தது. ஆனால் பிற்பட்டோருக்கு லோக் சபையில் ஆணுக்கும் ஒதுக்கீடு இல்லை, பெண்ணுக்கும் இல்லை; அரசியல் சட்டம் அப்படி. ஆகவே தக்க காலத்தில் பிற்பட்டோருக்கும் ஒதுக்கீட்டை விரிவாக்குவது பற்றிச் சர்க்கார் யோசிக்க வேண்டும், அப்போது அந்த வகுப்புப் பெண்களும் பலன் பெறுவார்கள் என்று கமிட்டி சொன்னது. இருப்பதை நிறைவேற்று, இல்லாததைச் சேர். இதில் என்ன தவறு? இரண்டாவது கிடைக்கும்வரை முதலாவதைக் கொடுக்காதே என்று சொன்னவர்கள் இரண்டாவதற்காகத் தனி மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினார்களா? இல்லை. இந்த மசோதாவை நிறுத்துவதில்தான் அவர்கள் சுறுசுறுப்புக் காட்டினார்கள். 1998 ஜூலையில் சபைக்குள்ளேயே மசோதாப் பிரதிகளைப் பறித்துக் கிழித்தெறிந்த காட்சியையும் தேசம் பார்த்தது.

வேறொரு உபாயமும் சொன்னார்கள்: ஸ்தானத்தை ஒதுக்க வேண்டாம், கட்சிகள் டிக்கெட்டில் பங்கு கொடுத்தால் போதும் என்று. எந்தத் தொகுதியில் கொடுப்பார்கள்? தோற்கப் போகும் தொகுதியில்! மாதர் சங்கங்கள் இதை உடனே புரிந்துகொண்டன. கரிசல் காட்டில் கல் நிறைந்த மூலையைக் குத்தகைக்கு விடுகிற பண்ணைக்காரரின் தர்மம் இது.

ஆலை வாசலில் கேட்கும் சந்தேகம் ஒன்று உண்டு. "பணக்கார வீட்டு அம்மாக்கள் போய் உட்காருவார்கள், நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன லாபம்?" இதை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. பெண் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் கூலிக்காரியின் பக்கம் நிற்பார் என்று நாம் நம்பவில்லை. ஆனால் பணக்கார ஆண்கள் வருஷக் கணக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறபோது இந்தச் சந்தேகம் ஏன் இவ்வளவு சத்தமாக எழவில்லை?

லாபம் என்ன என்று வயலில் நின்று பார்ப்போம். சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976ல் சட்டம் வந்தது. நாற்று நடுவது பெண், வரப்பு வெட்டுவது ஆண். "வேலையே வேறு, கூலியும் வேறு" என்று ஒரே பேச்சில் சட்டத்தின் வாயை அடைத்துவிட்டார்கள். குனிந்த முதுகோடு நாள் முழுதும் சேற்றில் நிற்பது லேசான வேலையாம்! இந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று நடவு நட்டவளுக்குத் தெரியும். பிரசவ உதவிச் சட்டம் வந்ததும் பெண்களையே வேலைக்கு எடுக்காமல் நழுவிய ஆலைகள் உண்டு. அந்தத் தந்திரத்தையும் ஆலையில் நின்றவள் அறிவாள். அவள் சபைக்குப் போக வழி திறந்தால்தானே அங்கே அதைச் சொல்ல முடியும்? 1957ல் கோவை, தொழிற்சங்கத்தில் வேலை செய்த தோழர் பார்வதி கிருஷ்ணனை லோக் சபைக்கு அனுப்பியது. நம்மால் ஆகாத காரியம் அல்ல.

கீதா முகர்ஜி மறைந்த பிறகும் மசோதா அலைந்துகொண்டே இருந்தது. 2010 மார்ச் 9ந் தேதி ராஜ்ய சபை 186 ஓட்டுக்கு 1 ஓட்டு என்ற கணக்கில் நிறைவேற்றியது. லோக் சபையில் எடுக்கவே இல்லை. 2014ல் சபை கலைந்தபோது மசோதாவும் போயிற்று. 2023 செப்டம்பரில்தான் லோக் சபையில் 454க்கு 2, ராஜ்ய சபையில் 214க்கு 0 என்று நிறைவேறியது. எல்லோரும் கை தூக்கினார்கள். தூக்கிய கையில் ஒரு பூட்டும் இருந்தது: சட்டத்திற்குப் பின் முதல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்து, அதை வைத்துத் தொகுதிகளைத் திருத்திய பிறகுதான் ஒதுக்கீடு என்று எழுதினார்கள். ராஜ்ய சபைக்கு ஒதுக்கீடு இல்லை. பிற்பட்டோர் பற்றி ஒரு வரி இல்லை. கீதா முகர்ஜியின் கமிட்டி சேர்க்கச் சொன்னதை விட்டுவிட்டு, அது கேட்காத பூட்டைச் சேர்த்தார்கள்!

பூட்டு வேலை செய்தது. 2024 தேர்தலில் 543 ஸ்தானங்களுக்குத் தேர்வான பெண்கள் 74 பேர். மூன்றில் ஒரு பங்கு என்றால் 181 வந்திருக்க வேண்டும். போட்டியிட்டவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. 1996ல் கேட்டபடி அன்றே கொடுத்திருந்தால் அந்த 15 வருஷக் கெடு எப்போதோ முடிந்து, அதன் பலன் என்ன என்று இன்று நாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தமிழ்நாட்டின் கணக்கு இன்னும் வெட்கக்கேடு. 2021 சட்டசபைத் தேர்தலில் ஆண் வாக்காளரைவிடப் பெண் வாக்காளர் அதிகம். ஜெயித்த பெண்கள் 234க்கு 12! அதே ராஜ்யத்தில் பஞ்சாயத்துகளில் 1996லிருந்து மூன்றில் ஒரு பங்கும், 2016ல் வந்த திருத்தத்தால் சரிபாதியும் பெண்களுக்கு. சட்டம் கட்டாயப்படுத்திய இடத்தில் பெண்கள் வந்தார்கள். கட்சிகளின் மனசுக்கு விட்ட இடத்தில் பன்னிரண்டு பேர். புருஷன்மார் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடச் சொல்கிற பஞ்சாயத்துகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அங்கேயும் தெரு விளக்குக்கும் குடிதண்ணீருக்கும் அதிகாரியோடு நேருக்கு நேர் பேசக் கற்றுக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள்.

டிக்கெட் கொடுப்பதில் எந்தக் கட்சியும் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. செங்கொடி பிடித்த கட்சிகளும் இதில் விலக்கல்ல. நம் சங்கத்தையே பார்ப்போம். நூற்புப் பகுதியில் பெண்கள் நிற்கிறார்கள், நடவில் பெண்கள் நிற்கிறார்கள், ஊர்வலத்தில் முன் வரிசையில் கோஷம் போடுகிறார்கள். நிர்வாகக் கமிட்டிப் பட்டியலில் எத்தனை பெயர்? கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு வைக்கிறோம். அது அடுப்பு எரிகிற நேரம். பிறகு "பெண்கள் வருவதில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். ஷிப்டு முடிந்ததும் ஆலைக்குப் பக்கத்திலேயே, அல்லது வேலை இல்லாத நாளில் சேரியிலேயே கூட்டம் வைத்துப் பார்ப்போம். அடுத்த மகாசபையில் கமிட்டிக்குப் பெயர் முன்மொழியும்போது, மூன்றுக்கு ஒன்று அவர்களிடமிருந்து வரட்டும். இதற்கு ஜனத்தொகைக் கணக்கும் வேண்டாம், டில்லியின் அனுமதியும் வேண்டாம்.