நல்ல ஒயில் எது என்று கேட்காதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் பைக், ஆட்டோ, கார் என்று எது நின்றாலும் கடைசி வரை வாசியுங்கள். உங்கள் பொக்கட்டோடு சம்பந்தப்பட்ட விசயம்.

உயர்தர வகுப்புப் பொடியன்கள் இடைவேளையில் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "சேர், ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆக நல்ல ஒயில் எது?" கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்வார்கள். ஒருவன் ஒரு கம்பனியின் பெயரைச் சொல்வான், மற்றவன் அதைவிட விலை கூடின ஒன்றைச் சொல்வான். எல்லாம் டிக்டொக்கிலும் யூரியூப்பிலும் பார்த்த அறிவு. ஸ்போர்ட்ஸ் கார் ஓடுகிறவன் அவர்களில் எவனும் இல்லை. ஆனால் அதே அறிவோடுதான் வாப்பாவின் பைக்குக்கும் ஒயில் வாங்கப் போகிறார்கள்.

என் கருத்து இதுதான்: "ஆக நல்ல ஒயில்" என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. இந்த என்ஜினுக்குச் சரியான ஒயில், சரியில்லாத ஒயில், அவ்வளவுதான். அதைத் தீர்மானிப்பது விலையும் இல்லை, விளம்பரமும் இல்லை, கடைக்காரரும் இல்லை. அந்த என்ஜினைச் செய்தவன்.

ஸ்போர்ட்ஸ் காரையே எடுப்போம். டொயோட்டா 86-க்கு அந்தக் கம்பனி சொல்வது 0டபிள்யூ-20. நிசான் ஜிடிஆர் ஆர்35-க்கு 0டபிள்யூ-40. பிஎம்டபிள்யூ எம்3-இன் இ46 மொடலுக்கு 10டபிள்யூ-60. மூன்றும் ஸ்போர்ட்ஸ் கார்தான், மூன்றும் வேகமாக ஓடத்தான் செய்தார்கள். ஆனால் சூடான என்ஜினுக்குள் அந்த எம்3-இன் ஒயில், டொயோட்டாவின் ஒயிலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தடிப்பு. ஒன்றின் ஒயிலை மற்றதற்கு ஊற்றினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது கெட்ட ஒயில்தான். பத்தாம் நம்பர் கால்காரனுக்கு ஏழாம் நம்பர் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டு "நல்ல பிராண்ட்" என்று சொல்வதில் என்ன பிரயோசனம்?

இந்த இலக்கங்கள் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள இலக்கம், குளிர்ந்து கிடக்கும்போது ஒயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். குறைந்தால் லேசாக ஓடும். பின்னால் உள்ள இலக்கம் 100 பாகை செல்சியஸ் சூட்டில் ஒயிலின் தடிப்பைக் காட்டும். கூடினால் தடிப்பும் கூட.

"நம்மட நாடு சூடு, அதனால எதுக்கும் தடிப்பு ஒயில்தான் சரி" என்று கராஜ்களில் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரால் குளிரும் கார் என்ஜினில், வெளியே 20 பாகை இருந்தாலும் 34 பாகை இருந்தாலும், என்ஜின் தன் வேலைச் சூட்டுக்கு வந்த பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்தத்தான் தேர்மோஸ்டாட் வைத்திருக்கிறார்கள். காற்றால் குளிரும் பைக், ஆட்டோ என்ஜின்களுக்கு வெயிலும் நெரிசலும் கூடுதலாகத் தாக்கும் என்பது உண்மை. அதையும் கணக்கில் எடுத்துத்தான் கம்பனி இலக்கத்தைச் சொல்கிறது. அதற்கு மேல் நாம் ஒரு கணக்குப் போடத் தேவையில்லை.

அனுபவமுள்ள மெக்கானிக்மாரை நான் குறைத்துப் பேசவில்லை. டிஎக்ஸ் வேகனிலும் லான்சர் பொக்ஸிலும் கை பழகியவர்கள் அவர்கள். அந்தக் கால என்ஜின்களுக்கு 20டபிள்யூ-50 பொருந்தியது. ஆனால் இன்று ஊரில் ஓடும் டொயோட்டா அக்வாவுக்குக் கம்பனி சொல்வது 0டபிள்யூ-20. அந்த என்ஜினில் ஒயில் போகும் பாதைகள் ஒடுக்கம். வால்வுகளின் நேரத்தை மாற்றும் வேலையையும் ஒயிலின் அழுத்தமே செய்கிறது. அதற்குள் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒயில் மேலே போய்ச் சேரத் தாமதம். பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். பெற்றோலை மிச்சம் பிடிக்க என்று ஹைபிரிட் வாங்கிவிட்டு, ஒயிலால் அதைக் கெடுப்பது என்ன கணக்கு?

இனி பைக். நம் ஊரில் அதிகம் நடக்கும் பிழை இங்கேதான்.

ஒரே வீட்டில் வாப்பாவிடம் பல்சர் 150, மகளிடம் ஹொண்டா டியோ. பல்சருக்குக் கேட்பது 20டபிள்யூ-50, ஜாசோ எம்ஏ. டியோவுக்குக் கேட்பது 10டபிள்யூ-30, ஜாசோ எம்பி. ஜாசோ என்பது ஜப்பானின் வாகனத் தர அமைப்பு. கியர் பைக்குகளில் பெரும்பாலும் என்ஜின், கியர்ப் பெட்டி, கிளச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் குளிக்கின்றன. கிளச் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கேற்ற ஒயில்தான் எம்ஏ. ஸ்கூட்டரில் கிளச் ஒயிலுக்கு வெளியே உலர்ந்து இருக்கிறது. அதனால் வழுக்கல் கூடின எம்பி அதற்குப் பரவாயில்லை. டியோவுக்கு வாங்கி மிஞ்சியதைப் பல்சருக்கு ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கும்.

இதே கதைதான் ஆர்15 வைத்திருக்கும் தம்பிமாருக்கும். "ஸ்போர்ட்ஸ் பைக், ஸ்போர்ட்ஸ் கார் ஒயிலே போடுவோம்" என்று விலை கூடின கார் ஒயிலை ஊற்றுகிறார்கள். பெற்றோலை மிச்சம் பிடிக்க என்று செய்த பல கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். காருக்கு அது வரப்பிரசாதம், பைக் கிளச்சுக்கு அது எதிரி. முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி இழுக்காது. பிறகு கிளச் பிளேட் மாற்றுவார்கள், கம்பனியை ஏசுவார்கள். ஒயிலைச் சந்தேகிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது விலை கூடினது!

"ரேஸிங்" என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். பந்தயத்துக்கென்றே செய்த ஒயில், ஓட்டம் முடிந்ததும் வடித்துவிடுவதற்காகச் செய்தது. மாதக்கணக்கில் என்ஜினைச் சுத்தமாக வைத்திருப்பது அதன் வேலை இல்லை. சாதாரண ஒயிலின் போத்தலில் அந்தச் சொல்லை ஒட்டி விற்பதும் உண்டு. ஸ்டிக்கர் என்ஜினுக்குள் போவதில்லை.

அப்படியென்றால் போத்தலில் எதைப் பார்ப்பது? மூன்று விசயம் போதும்.

ஒன்று, தடிப்பு இலக்கம். வண்டிப் புத்தகத்தில் உள்ளதும் போத்தலில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு, ஏபிஐ தரம். பெற்றோல் என்ஜினுக்கு எஸ் எழுத்தில் தொடங்கும்: எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், 2020-இல் வந்த எஸ்பி. இரண்டாம் எழுத்து பின்னால் போகப் போகப் புதிய தரம். புத்தகம் எஸ்எல் கேட்டால் காருக்கு எஸ்என் போடலாம், எஸ்என் கேட்டால் எஸ்எல் போடக் கூடாது. டீசலுக்கு சி எழுத்தில் தொடங்கும்.

மூன்று, பைக் என்றால் ஜாசோ எம்ஏ-யா, எம்பி-யா என்பது.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், நம்பிக்கையான கடையில் வாங்கிய நடுத்தர விலை ஒயிலே போதும். மிச்சக் காசை அடுத்த ஒயில் மாற்றத்துக்கு வையுங்கள். என்னைக் கேட்டால், உரிய நேரத்தில் மாற்றிய சாதாரண ஒயில், நேரம் தப்பிக் கறுத்துப்போன விலை கூடின ஒயிலைவிட எவ்வளவோ மேல். இடையில் ஒயில் மட்டத்தையும் பாருங்கள். பல்சர் போன்ற பைக்கில் இருப்பதே ஒரு லீற்றர் அளவுதான். அதில் கால் லீற்றர் குறைந்தால் எவ்வளவு பெரிய குறை என்று யோசியுங்கள்.

"புத்தகம் ஜப்பான் மொழியில இருக்கு சேர்" என்று ரீகண்டிஷன் கார் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். மொழி ஜப்பான், இலக்கம் நாம் படிக்கும் அதே இலக்கம்தான். பல கார்களில் ஒயில் ஊற்றும் மூடியிலேயே அது பொறித்திருக்கும். பொனட்டைத் திறந்து பாருங்கள்.

சத்தம் வரும் பழைய என்ஜினுக்குத் தடிப்பு ஒயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்பதும் உண்மை. ஆனால் அது காய்ச்சல்காரனுக்கு பனடோல் கொடுத்து வேலைக்கு அனுப்புவது போல. தேய்மானம் உள்ளே அப்படியே இருக்கும். புகை வருகிறதா, ஒயில் குறைகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்திலேயே கொஞ்சம் தடிப்புக் கூடின இலக்கத்துக்கு அனுமதி இருந்தால், அதற்குள் நின்றுகொள்ளுங்கள்.

இதெல்லாம் ஒரு பெரிய விசயமா என்று கேட்கலாம். 2020-இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நம்மில் பலருக்கு வாசலில் நிற்கும் வண்டிக்குப் பதிலாக இன்னொன்று வாங்கும் வசதி இப்போதைக்கு இல்லை. ஹயர் ஓடுகிற ஒரு சகோதரருக்கு என்ஜின் போனால், லீசிங் நிற்காது, அடுப்பு நின்றுவிடும். ஒரு லீற்றர் ஒயிலைப் பார்த்து வாங்காத காரணத்தால் ஒரு வீட்டுக்கு அந்த நிலை வரக் கூடாது.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு கோரிக்கை. என்ன ஒயில், என்ன இலக்கம், எத்தனை கிலோமீற்றரில் ஊற்றினீர்கள் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். காலிப் போத்தலை வாடிக்கையாளர் முன்னாலேயே கீறிப் போடுங்கள், வேறொருவன் அதில் கழிவு ஒயிலை நிரப்பி விற்க முடியாது. இதனால் உங்கள் மீதுள்ள நம்பிக்கைதான் கூடும்.

மாணவர்களுக்கு ஒரு வீட்டு வேலை. இன்றிரவு வீட்டு வண்டியின் புத்தகத்தைத் தேடி எடுங்கள். ஒயில் இலக்கத்தையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி, பைக் சீற்றுக்குக் கீழேயோ காரின் டேஷ்போர்டுக்குள்ளேயோ ஒட்டுங்கள். அடுத்த முறை கடைக்குப் போனால் "நல்ல ஒயில் ஒண்டு தாங்க" என்று சொல்ல வேண்டாம். அந்தத் துண்டைக் காட்டுங்கள்.