பெரிய டிவி வாங்கியாச்சு... கிராபிக்ஸ் கார்டும் வேணுமா பாஸ்?

2025 செப்டம்பர் 22 முதல், 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. அந்தச் சூட்டோடு செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ நீங்களும் 4கே டிவி வாங்கி, பழைய கம்ப்யூட்டரை இணைச்சிருப்பீங்க. ஆனா, கடற்கரைக் கோயில் 4கே வீடியோவைப் போட்டா திக்கித் திணறுதா?

உடனே கிராபிக்ஸ் கார்டு வாங்க ஓடாதீங்க. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதால், 2025 இறுதியிலிருந்து மெமரி விலை ஏறுமுகம். அது கார்டு விலையையும் இழுக்குது. டேட்டா சென்டர்கள் இருக்கும் சிறுசேரி நம்ம மாவட்டம்தான் என்பது தனிக்கதை!

யூடியூபின் 4கே வீடியோக்கள் விபி9, ஏவி1 வடிவங்களில் வருகின்றன. இவற்றைப் பிரிக்கத் தனி சர்க்யூட் இல்லைன்னா, பாரம் முழுக்க பிராசஸர் தலையில். கேமிங் பவர் வேற, இது வேற. 2022-ல் வந்த ஏ.எம்.டி ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் கேம் ஆடலாம். ஏவி1 டிகோடர் கிடையாது. ஆனா, இன்டெல் 11-ம் தலைமுறை கோர் ஐ5-ல் உள்ள கிராபிக்ஸிலேயே அது உண்டு ('எஃப்' மாடல்களில் கிராபிக்ஸே இல்லை, உஷார்).

வீடியோவில் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாருங்க. ஃபிரேம்கள் நழுவலைன்னா, சிக்கல் வேறிடத்தில். ஹெச்.டி.எம்.ஐ 1.4 போர்ட் 4கே-வில் 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது. சினிமாவுக்கு 24 ஹெர்ட்ஸ் வைங்க.

இதெல்லாம் பார்த்தும் திணறினா மட்டும் பர்ஸைத் திறங்க. அப்பவும் முதல் கேள்வி, "ஏவி1 டிகோட் இருக்கா?"